விரல் நுனி வெப்பம்: ஒரு தலைவலி சிகிச்சையின் கோணல் வரலாறு

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்ற நகரில் இருந்த மெனிங்கர் மையம் மனநல மருத்துவத்துக்குப் பேர்போன இடம். 1960களின் பிற்பகுதியில் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், தலைவலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சோதனைக்காக, ஒரு பெண் உணரிக் கம்பிகளோடு உட்கார்ந்திருந்தார். உடலைத் தளர்த்தும் பயிற்சியின்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வாளர்களின் நோக்கம். அன்று அவருக்கு மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி கண்டிருந்தது. சோதனைக்கு நடுவே அவர் கைகள் சிவந்தன. இரண்டே நிமிடத்தில் கையின் வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ ஐந்தரை டிகிரி செல்சியஸ், ஏறியது. கூடவே தலைவலியும் விட்டது. செய்தி ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவியதும், மைக்ரேனால் அவதிப்பட்ட இருவர் தங்களுக்கும் கையைச் சூடாக்கச் சொல்லித்தரும்படி கேட்டார்கள். ஒருவருக்கு வலி பெரும்பாலும் நின்றது. மற்றவருக்கு அரைகுறைப் பலன். மைக்ரேனுக்கான பயோஃபீட்பேக் சிகிச்சை இப்படித் தற்செயலாகத்தான் பிறந்தது. அடுத்து வந்த அரை நூற்றாண்டில் அதற்கு முட்டுக்கொடுத்த கருத்துகள் ஏறக்குறைய எல்லாமே சரிந்தன. சிகிச்சை மட்டும் சரியவில்லை. அதைத் தாங்கி நின்றது கோட்பாடோ கருவியோ இல்லை, நோயாளி தன் உடம்பின் மீது தனக்குப் பிடி உண்டு என்பதைக் கண்ணால் கண்டு பழகும் அன்றாடப் பயிற்சிதான் என்பது என் வாதம்.

அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எல்மர் கிரீன். இயற்பியலில் தொடங்கியவர், கலிஃபோர்னியாவில் கடற்படையின் ஆயுத ஆய்வு நிலையத்தில் அளவிடும் கருவிகளோடு பல ஆண்டு புழங்கிவிட்டு, பிறகு உளவியலுக்கு வந்து, 1964இல் மெனிங்கரில் சேர்ந்தார். மனைவி ஆலிஸ் கிரீனும் டேல் வால்டர்ஸும் உடன் உழைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தளர்வுப் பயிற்சி ஜெர்மனியிலிருந்து வந்தது. மனநல மருத்துவர் யோஹானஸ் ஷூல்ட்ஸ் 1932இல் நூலாக வெளியிட்ட அந்த முறையில், கை கனக்கிறது, கை வெதுவெதுப்பாக இருக்கிறது என்பது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்களை மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கிரீன் தம்பதி அதோடு ஒரு மீட்டரைச் சேர்த்தார்கள். உண்மையிலேயே கை சூடாகிறதா என்று பயில்பவர் அந்தக் கணமே பார்க்கலாம். உடம்பில் நமக்குத் தெரியாமல் நடக்கும் ஒன்றைக் கருவியால் அளந்து நமக்கே காட்டி, அதைக் கொண்டு நம்மைத் திருத்திக்கொள்ள வைப்பதுதான் பயோஃபீட்பேக். அங்கே மருத்துவராக இருந்த ஜோசப் சார்ஜென்ட் இதை நோயாளிகளிடம் கொண்டுபோனார். நெற்றிக்கும் வலது ஆள்காட்டி விரலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் காட்டும் சிறு கருவியை நோயாளி வீட்டுக்கே எடுத்துப்போவார், நாள்தோறும் பழகுவார், வலியையும் விழுங்கிய மாத்திரையையும் குறித்து வைப்பார். கை தேர்ந்ததும் கருவியைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். சார்ஜென்ட், கிரீன், வால்டர்ஸ் மூவரும் 1972இலும் 1973இலும் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்னோட்ட ஆய்வுகள் அவை. நம்பிக்கை தந்தன, எதையும் நிரூபிக்கவில்லை.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. மைக்ரேன் என்பது ரத்தக்குழாய்களின் நோய் என்றே அப்போது மருத்துவ உலகம் கருதியது. நியூயார்க்கில் ஹெரால்ட் உல்ஃப் என்ற நரம்பியல் மருத்துவர், அவரே மைக்ரேன் நோயாளி, 1938இல் ஜான் கிரஹாமோடு சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார். நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பைப் பதிவுசெய்துகொண்டே எர்காட்டமின் ஊசி போட்டார்கள். துடிப்பு அடங்க அடங்க வலியும் அடங்கியது. மண்டைக்கு வெளியே உள்ள குழாய்கள் விரிவதுதான் வலி என்ற முடிவு அதிலிருந்து வந்து, முப்பது நாற்பது ஆண்டு அசையாமல் நின்றது. இந்தப் படத்தில் சூடான கை கச்சிதமாகப் பொருந்தியது. விரல் குளிர்வது பரிவு நரம்புகளின் வேலை. பதற்றத்தில் அவை தோலின் குழாய்களைச் சுருக்குகின்றன. விரலைச் சூடாக்கக் கற்றவர் அந்த நரம்புகளின் முறுக்கையே தளர்த்துகிறார், அதனால் தலையின் குழாய்களும் நிலைக்கு வருகின்றன என்பது மெனிங்கர் குழுவின் விளக்கம். பத்திரிகைகளில் இது இன்னும் எளிமையாகி, தலையில் தேங்கிய ரத்தம் கைக்கு இறங்கிவிடுகிறது என்று உருவெடுத்தது. கையளவு ரத்தம் இடம் மாறுவதால் தலை லேசாகிவிடும் என்பதைக் கொஞ்சம் யோசித்தாலே நம்ப முடியாது. ஆனாலும் படம் அழகாக இருந்தது, ஒட்டிக்கொண்டது.

இன்னொரு முட்டு இதைவிடப் பெரியது. இதயத்துடிப்பு, குழாய்ச் சுருக்கம் போன்ற தானியங்கு வேலைகளை மனிதன் விரும்பி மாற்ற முடியுமா என்ற கேள்வி பழையது, அதன் ஒரு முனை சென்னையில் இருக்கிறது. 1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதயநோய் மருத்துவர் இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியோடு இந்தியாவுக்கு வந்து, ஒரு யோகியின் இதயம் ஏறக்குறைய நின்றுபோனதாக எழுதினார். அவர் பதிவுசெய்தவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னையில் குடியேறிய யோகாசிரியர் கிருஷ்ணமாச்சார்யா. 1957இல் அமெரிக்காவிலிருந்து மேரியன் வெங்கரும் பாசு பாக்சியும் வந்து, டெல்லி எய்ம்ஸின் பி.கே. ஆனந்தோடு சேர்ந்து யோகிகளைத் தேடிப்போனார்கள். சென்னையில் கிருஷ்ணமாச்சார்யாவையும் சோதித்தார்கள். 1961இல் வந்த அவர்களுடைய முடிவு ஆரவாரமற்றது. யாருடைய இதயமும் நிற்கவில்லை. மூச்சை அடக்கி, மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்கு எட்டாமல் போகிறது, இதய ஒலி மங்குகிறது. ஆக, இதயத்தின் மீது நேரடி ஆட்சி எதுவும் இல்லை, தசை வழியாகப் போகும் சுற்றுப்பாதைதான் இருக்கிறது. 1970இல் சுவாமி ராமா என்ற யோகி டொபீகாவுக்கு வந்து, ஒரே உள்ளங்கையின் இரு ஓரங்களுக்கு இடையே 10 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு வெப்ப வேறுபாட்டைக் காட்டினார். இதயத்தை நிறுத்திக் காட்டுகிறேன் என்று அவர் செய்ததைப் பதிவில் பார்த்தபோது, நிமிடத்துக்கு 300 அளவிலான படபடப்பு 17 விநாடி நீடித்திருந்தது; இதயம் நிற்கவில்லை, ரத்தம் இறைக்காமல் நடுங்கியது.

தசையின் பங்கை எப்படி விலக்குவது? ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் நீல் மில்லர் அதற்கு ஒரு வழி கண்டார். எலிகளுக்குக் குரார் நஞ்சைக் கொடுத்துத் தசைகளை முழுக்கச் செயலிழக்கச் செய்து, செயற்கை மூச்சில் வைத்து, மூளையின் இன்ப மையத்தைத் தூண்டுவதைப் பரிசாகத் தந்தார். எலிகள் இதயத்துடிப்பை ஏற்றவும் இறக்கவும் கற்றன. 1968இல் அவரும் லியோ டிகாராவும் வெளியிட்ட கட்டுரைப்படி, ஒரு காதின் ரத்தக்குழாய்களை மட்டும் மற்றக் காதைவிட விரிக்கக்கூட அவை கற்றுக்கொண்டன. பயோஃபீட்பேக்குக்கு இதைவிடப் பலமான அடித்தளம் வேண்டுமா? தானியங்கு நரம்புகளும் பள்ளிக்கூடம் போகலாம் என்று ஆகிவிட்டது. 1969இல் கலிஃபோர்னியாவில் பயோஃபீட்பேக் ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது இந்த உற்சாகத்தில்தான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் மில்லரின் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே அதே சோதனைகளில் விளைவு சுருங்கிக்கொண்டே வந்து காணாமல் போனது. மில்லர் மழுப்பவில்லை. பேரி டுவார்கினோடு மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். தோல்வியை அவர்களே முழுக் கட்டுரையாக 1986இல் அச்சேற்றினார்கள். அறிவியலாளரின் நேர்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு அது. பயோஃபீட்பேக்குக்கோ அது முதல் முட்டு சரிந்த நாள்.

அடுத்து உல்ஃபின் குழாய்க் கோட்பாடும் தேய்ந்தது. மைக்ரேனுக்கு முன்னால் கண்ணில் தெரியும் ஒளிக்கோடுகளை, 1944இல் லெயோ என்ற பிரேசில் ஆய்வாளர் முயல் மூளையில் கண்ட, மெல்லப் பரவும் மின்னடக்க அலையோடு பொருத்திப் பார்த்தார்கள். முக்கிளை நரம்பும் அது சுரக்கும் சிஜிஆர்பி என்ற பொருளும் நடுவுக்கு வந்தன. 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வலி நடக்கும்போதே எம்ஆர் படம் எடுத்துப் பார்த்தபோது, மண்டைக்கு வெளியே உள்ள தமனிகள் விரிந்திருக்கவே இல்லை. ஆனால் சிகிச்சைக்கு நேராக விழுந்த அடி வேறு. கையைச் சூடாக்குவதுதான் மருந்து என்றால், கையைக் குளிர்விக்கப் பழக்கினால் பலன் இருக்கக் கூடாது அல்லவா? க்யூமனும் ராபர்ட்ஸும் 1980இல், பயிற்றுநருக்கும் நோயாளிக்கும் எந்தத் திசை என்று தெரியாமலே ஒரு குழுவைச் சூடாக்கவும் இன்னொரு குழுவைக் குளிர்விக்கவும் பழக்கினார்கள். இரு குழுவினருக்கும் இடையே தலைவலியில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நெற்றித் தசையை வைத்துச் செய்த பயோஃபீட்பேக்கிலும் இதே கதை. இறுக்கத் தலைவலி உள்ள மாணவர்களிடம் ஹோல்ராய்டும் குழுவும் 1984இல் செய்த சோதனையில், சிலர் தங்களுக்குத் தெரியாமலே தசையை இறுக்கக் கற்றார்கள், சிலர் தளர்த்தக் கற்றார்கள். இறுக்கினார்களா தளர்த்தினார்களா என்பது பொருட்டாகவில்லை. நன்றாகச் செய்கிறாய் என்று திரையில் காட்டப்பட்டவர்களுக்குத் தலைவலி 53 விழுக்காடு குறைந்தது. சுமாராகச் செய்கிறாய் என்று காட்டப்பட்டவர்களுக்கு 26 விழுக்காடு.

இதற்கிடையே சந்தையும் புகுந்தது. மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் என்று 1975இல் நியூயார்க்கில் விற்ற திரவப் படிக மோதிரம் விரல் வெப்பத்தை மட்டுமே காட்டியது, ஆனால் கோடிகளில் புரண்டது. மூளையின் ஆல்ஃபா அலையைப் பெருக்கி ஞானம் தருவதாகக் கருவிகள் விளம்பரமாயின. நரம்பியல் மருத்துவர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

இத்தனைக்கும் பிறகு எண்கள் என்ன சொல்கின்றன? ஹோல்ராய்டும் பென்சியனும் 1990இல், மைக்ரேனைத் தடுக்கத் தரும் ப்ரோப்ரனலால் மாத்திரையின் சோதனைகளையும், தளர்வோடு சேர்ந்த பயோஃபீட்பேக்கின் சோதனைகளையும் அருகருகே வைத்துத் தொகுத்தார்கள். இரண்டிலும் தலைவலி சராசரியாக 43 விழுக்காடு குறைந்திருந்தது. வெற்று மாத்திரையில் 14 விழுக்காடு. அமெரிக்க நரம்பியல் அகாதமியின் 2000ஆம் ஆண்டு வழிகாட்டி, தளர்வுப் பயிற்சியையும் வெப்ப பயோஃபீட்பேக்கையும் தசை பயோஃபீட்பேக்கையும் மைக்ரேன் தடுப்புக்கு முதல்தரச் சான்றுள்ளவையாகப் பட்டியலிட்டது. 2007இல் நெஸ்டோரியுக், மார்ட்டின் இருவரும் 55 ஆய்வுகளைத் தொகுத்தபோது நடுத்தர அளவிலான பலன் தெரிந்தது. சராசரியாக 17 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நீடித்தது. எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. 232 பேரை வைத்து ஹோல்ராய்டின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், வலி வரும்போது எடுக்கும் மருந்தைச் செம்மைப்படுத்திய பிறகு, நடத்தைப் பயிற்சியை மட்டும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. ப்ரோப்ரனலால் வகையைச் சேர்ந்த பீட்டா தடுப்பு மாத்திரையை மட்டும் சேர்த்ததாலும் இல்லை. இரண்டையும் சேர்த்தபோதுதான் தெளிவான முன்னேற்றம். ஆக, அதிசயம் எதுவும் இல்லை. நல்லதொரு தடுப்பு மாத்திரையின் அளவுக்கு வேலை செய்யும் ஒரு முறை.

அப்படியானால் இது வெறும் நம்பிக்கை வேலைதானே, வெற்று மாத்திரையின் விலையுயர்ந்த வடிவம்தானே என்று கேட்கலாம். 1984 ஆய்வு இந்த மறுப்புக்குக் கைகொடுப்பதாகவே தோன்றும். ஆனால் அதைக் கூர்ந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. அங்கே மாணவர்கள் எதையோ விழுங்கிவிட்டுக் காத்திருக்கவில்லை. ஒன்றைச் செய்தார்கள், செய்ததன் பலன் தங்களுக்கு முன்னால் நகர்வதைக் கண்டார்கள். தலைவலி என்பது எங்கிருந்தோ வந்து விழுவது என்ற எண்ணம் போய், அதன் முன்னறிகுறிகளில் தனக்கும் ஒரு கை உண்டு என்ற எண்ணம் வந்தவர்கள், பதற்றம் ஏறும் தருணத்தை முன்கூட்டியே கவனித்து வேறு விதமாக நடந்துகொள்கிறார்கள். 2007 தொகுப்பாய்விலும் மிகுதியாக மேம்பட்டவை இரண்டு: வலி வரும் எண்ணிக்கை குறைந்தது, தன்னால் முடியும் என்ற உணர்வு வளர்ந்தது. இந்த உணர்வைச் சிகிச்சையின் மேல் படிந்த தூசி என்று தட்டிவிடுவதைவிட, அதையே சிகிச்சையின் மூலப்பொருளாக எடுத்துக்கொள்வதுதான் சான்றுகளுக்குப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையைப் போல இதை யாருக்கும் தெரியாமல் கொடுக்க முடியாது; ஆகவே நம்பிக்கையின் பங்கையும் பயிற்சியின் பங்கையும் எந்தச் சோதனையும் முழுக்கப் பிரித்துவிடப்போவதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கருவி எதற்கு? எட்வர்ட் பிளான்சார்டும் குழுவும் 1978இலேயே, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் சாதாரணப் பயிற்சி வெப்ப பயோஃபீட்பேக்குக்கு இணையாக வேலை செய்வதைக் காட்டிவிட்டார்கள். பலருக்கு இது உண்மைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பிளான்சார்ட் 1982இல் எல்லோருக்கும் முதலில் தளர்வுப் பயிற்சி தந்து, அதில் தேறாதவர்களுக்கு மட்டும் பயோஃபீட்பேக் தந்தபோது, அவர்களிலும் ஒரு பகுதியினர் மேலும் குணம் கண்டார்கள். தளர்ந்துவிட்டேனா இல்லையா என்று தனக்கே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண் தேவைப்படுகிறது. குழந்தைக்கு நடைவண்டி போலத்தான் இது, கால் ஊன்றியதும் திண்ணையில் சாத்திவிடலாம். டொபீகாவில் கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களே, அப்போதே இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீட்டரைப் பார்த்து மயங்கியவர்கள் பின்னால் வந்த விற்பனையாளர்கள்.

நம்மூரில் உடனே எழும் மூன்றாவது குரல் ஒன்று உண்டு: இதெல்லாம் யோகத்தில் ஏற்கெனவே இருந்தது, அமெரிக்கர்கள் கம்பி சுற்றி விற்றுவிட்டார்கள் என்பது. காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. சுவாமி ராமா டொபீகாவுக்குப் போவதற்கு முன்பே கை வெப்பத்துக்கும் தலைவலிக்கும் உள்ள தொடர்பு அங்கே கண்ணில் பட்டுவிட்டது. கையாண்ட வாக்கியங்கள் ஷூல்ட்ஸுடையவை. அவர் தொடங்கியது ஜெர்மானிய அறிதுயில் ஆய்வுகளிலிருந்து. வெங்கர், பாக்சி, ஆனந்த் எழுதியதை வைத்துப் பார்த்தால், யோகிகளின் இதய வித்தை தானியங்கு நரம்புகளின் மீதான நேரடி ஆட்சிக்குச் சான்றாகவும் நிற்கவில்லை. ஆனால் அந்த 1961 கட்டுரையில் பலரும் தாண்டிப்போகும் ஒரு பாடம் இருக்கிறது: மூச்சும் தசையும் வழியாகப் போகும் சுற்றுப்பாதையும் பாதைதான். மில்லர் குரார் கொடுத்து அடைத்துவிட முயன்றது அந்தப் பாதையைத்தான். அடைத்தபோது எலிகளால் கற்க முடியாமல் போனது. தலைவலிக்காரருக்கு யாரும் குரார் கொடுப்பதில்லை. அவர் மூச்சை மெதுவாக்கியும் தோளைத் தளர்த்தியும் விரலைச் சூடாக்கினால் கோட்பாட்டாளருக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரியலாம். வலி குறைய வேண்டியவருக்கு அதனால் என்ன நட்டம்?

இவ்வளவு சான்று இருந்தும் இது மருத்துவத்தின் ஓரத்திலேயே தங்கியதற்குக் காரணங்கள் பெரும்பாலும் அறிவியலுக்கு வெளியே இருக்கின்றன. 1991இல் சுமாட்ரிப்டன் வந்தது. வலி தொடங்கியதும் போட்டுக்கொள்ள ஒரு மருந்து. 2018இல் சிஜிஆர்பியை மறிக்கும் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றுக்குப் பின்னால் காப்புரிமையும் விற்பனைப் படையும் உண்டு. மூச்சுப் பயிற்சிக்கு யார் காப்புரிமை வாங்குவது? மருந்துச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். கையைச் சூடாக்கக் கற்றுத்தர எட்டுப் பத்து அமர்வு வேண்டும், அதற்குப் பயின்ற ஆளும் வேண்டும். செலவைக் குறைக்க, சில அமர்வுகளும் மிச்சத்துக்கு ஒலிநாடாவும் கையேடும் என்று வீட்டிலேயே பழகவைக்கும் திட்டத்தை 1980களில் பிளான்சார்டின் குழு சோதித்தது, பலன் குறையவில்லை. அப்படியும் பரவவில்லை. மெனிங்கர் மையமே 2003இல் டொபீகாவை விட்டு ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

மருந்து கைகொடுக்காத இடத்தில்தான் இதன் பயன் கூர்மையாகத் தெரிகிறது. 8 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடந்து 2017இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில், வழக்கமாக எழுதித்தரும் அமிட்ரிப்டிலினும் டோபிராமேட்டும் வெற்று மாத்திரையை வெல்லவில்லை; பாதிக்கு மேல் வலி குறைந்தவர்கள் முறையே 52, 55 விழுக்காடு, வெற்று மாத்திரையில் 61. பிள்ளைகள் கைச்சூட்டுப் பயிற்சியைப் பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது இத்துறையினரின் பழைய அனுபவம். வலி மாத்திரைகளை அளவுமீறி விழுங்கியே தலைவலியை வளர்த்துக்கொண்டவர்களிடம், மிலான் நகரின் பெஸ்டா நரம்பியல் நிறுவனம் மருந்தோடு பயோஃபீட்பேக்கையும் சேர்த்துப் பார்த்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட இவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். முற்றிவிட்ட வலியின் நடுவே உட்கார்ந்து விரலைச் சூடாக்கி அதை விரட்டிவிடலாம் என்று மட்டும் யாரும் எண்ணக் கூடாது. இது தடுப்பு வேலை. பல வாரங்கள், நாளுக்கு இருபது நிமிடம் உட்கார வேண்டும். அந்த இருபது நிமிடத்தைத் தர மனமோ வாய்ப்போ இல்லாதவர்களுக்கு மருத்துவர் மாத்திரையை எழுதித் தருவதில் பிழை எதுவும் இல்லை.